ஊருக்குப் பேர் தந்த நெல்லி

1400 வாக்கில் பரமேஸ்வரா ஒரு மரத்தடியில் இளைப்பாறினார், அந்த மரத்தின் பேரையே ஊருக்கு வைத்தார் என்பது மலாக்காவின் கதை. அந்த மரம் வேறெதுவுமில்லை தோழர்களே, நம்ம நெல்லிதான்!

1941இல், போரினால் ஆரஞ்சு வரத்து குறைந்த பிரிட்டனில், வேலியோரத்துக் காட்டு ரோஜாக்காயைப் பறித்துப் பாகு காய்ச்சிக் குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். அதிலுள்ள வைட்டமின் சி நெல்லியிலும் நிறைய உண்டு. ஈறைக் காக்கும், கீரையின் இரும்புச் சத்து உடம்பில் சேர உதவும். ரத்தசோகையால் வாடும் நம் பெண்களுக்கு இதுதானே வேண்டும்?

நாமோ சம்பளத்தன்று டானிக் போத்தலுக்குக் காசைக் கொட்டுறோம். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிச்சு, சேர வேண்டிய சத்தையும் கெடுக்கிறோம். கீரைச் சோற்றோடு பச்சை நெல்லித் துவையல் வையுங்கள். தேத்தண்ணி ஒரு மணி நேரம் பொறுக்கட்டும். டாக்டர் கொடுத்த மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள். வீட்டோரம் ஒரு நெல்லிக் கன்று நடுங்கள்.