தொழிலே பெயராக இருந்த காலம்



புகழ்பெற்றவர்களின் இளமைக்காலக் கதைகளுக்கு நம் இல்லங்களில் எப்போதும் நல்ல வரவேற்பு உண்டு. நடிகர் அஜித்குமார் மோட்டார் சைக்கிள் மெக்கானிக்காக இருந்தார். ரஜினிகாந்த் பெங்களூரில் பேருந்து நடத்துநராக இருந்தார். ஞானபீட விருது பெற்ற ஜெயகாந்தன் அச்சகத்தில் எழுத்துக் கோத்தார். பிள்ளைகளுக்கு ஊக்கமூட்டவே பெற்றோர் இவற்றைச் சொல்கின்றனர். ஆனால் பெரும்பாலும் கதை ஒரே வாசகத்தில் வந்து முடிகிறது: "அப்படி இருந்தவர் இப்படி ஆகிவிட்டார்!"

அந்த 'அப்படி' என்னும் சொல்லைச் சற்றே நிறுத்தி நோக்குவோம். மெக்கானிக்காக இருப்பது தப்பித்து வெளியேற வேண்டிய ஓர் இழிநிலை என்று அது சொல்லாமற் சொல்கிறது. பூந்தமல்லி நெடுஞ்சாலையோடு ஆவடிச் சாலை கூடும் நம் கரையான்சாவடியைச் சுற்றிலும் வாகனப் பழுது பார்ப்போரும், வெல்டிங் செய்வோரும், தச்சரும், தையற்காரரும், மின்பணியாளரும் நிறைந்திருக்கின்றனர். அவர்களின் பிள்ளைகளும் இக்கதையைக் கேட்கின்றனர். தம் தந்தை இன்றும் 'அப்படியே' இருக்கிறார் என்பதைத் தவிர அப்பிள்ளைகள் அதிலிருந்து வேறு எதைக் கற்றுக்கொள்வார்கள்?

உண்மையில் அந்தப் புகழாளர்களின் வாழ்க்கையே நாம் சொல்லும் கதைக்கு மாறாக இருக்கிறது. அஜித்குமார் பள்ளிப் படிப்பை முழுமையாக முடிக்காமல், என்ஃபீல்டு வண்டிகளைப் பழுது பார்க்கும் பயிற்சியில் சேர்ந்தவர். பின்னர் ஆயத்த ஆடை ஏற்றுமதித் துறையில் பணியாற்றி, 1993-இல் 'அமராவதி' மூலம் தமிழ்த் திரையில் நாயகனானார். இயந்திரத்தின் மீதான பற்று அதன் பின்னும் அவரை விட்டு அகலவில்லை. குரோம்பேட்டை எம்.ஐ.டி. மாணவர்களின் ஆளில்லா விமானக் குழுவுக்கு அவர் ஆலோசகராக இருந்தார். 2025 ஜனவரியில் துபாயில் நடைபெற்ற 24 மணி நேரக் கார்ப் பந்தயத்தில் அவருடைய அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றது. ஐம்பது வயதைக் கடந்தும் அவர் இயந்திரத்திடமே திரும்பினார்.

நடத்துநர் பணியைப் பட்டறைத் தொழிலோடு ஒன்றாக எண்ண இயலாதுதான். ஆயினும் ரஜினிகாந்த் செய்த ஒன்று இங்கே நினைக்கத் தக்கது. 2021 அக்டோபரில் தாதாசாகேப் பால்கே விருதைப் பெற்ற மேடையில், தம் ஆசான் பாலசந்தரோடும் தம் அண்ணனோடும் சேர்த்து, தம்முடன் பேருந்தில் ஓட்டுநராகப் பணியாற்றிய நண்பருக்கும் அவ்விருதை அவர் காணிக்கையாக்கினார். நாம் மறைத்துப் பேசும் இடத்தை அவர் நன்றியோடு எடுத்துச் சொன்னார்.

எழுத்துலகிலும் இத்தகையோர் உண்டு. 'விந்தன்' என்னும் பெயரில் எழுதிய கோவிந்தன் ஆனந்த விகடன் அச்சகத்தில் அச்சுக்கோப்பவராக இருந்தவர். பின்னர் கல்கியின் கண்ணில் பட்டு, 'கல்கி' இதழில் எழுத்தாளராக உயர்ந்தார், எம்.ஜி.ஆரும் சிவாஜியும் இணைந்து நடித்த 'கூண்டுக்கிளி' (1954) படத்துக்கு வசனம் எழுதினார். அச்சுக்கோத்தல் எளிய வேலையன்று. ஈய எழுத்துகள் கண்ணாடியில் தெரிவது போல இடம்வலம் மாறியிருக்கும். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வரியாக அடுக்க வேண்டும். ஒற்று மிகுவதும் மிகாததும் விரல் நுனிக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிறர் எழுதிய ஆயிரமாயிரம் வாக்கியங்களைக் கையால் தொட்டு அடுக்கியவருக்கு வாக்கியத்தின் எடை தெரியாமல் போகுமா? அந்த அச்சகமே அவர்களின் பள்ளிக்கூடமாக இருந்தது.

கடல் கடந்தும் ஒரு சான்று பார்க்கலாம். ஹாலிவுட் நடிகர் ஹாரிசன் ஃபோர்டு, 1977-இல் 'ஸ்டார் வார்ஸ்' வெளிவரும் முன்பு பல ஆண்டுகள் தச்சு வேலை செய்து குடும்பத்தைக் காத்தவர். கையில் தொழில் இருந்தபடியால், வருகின்ற சிறு வேடங்களையெல்லாம் வயிற்றுக்காக ஏற்கும் நெருக்கடி அவருக்கு இருக்கவில்லை. 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமையை உளியும் இழைப்புளியும் அவருக்கு ஈட்டித் தந்தன.

கைத்தொழில் அளிக்கும் இந்தச் சுதந்திரத்தை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். இன்று திரைக்கலைஞர்களுக்கு இருக்கும் புகழ், ஒரு காலத்தில் மார்க்க அறிஞர்களுக்கு இருந்தது. அவர்களின் பாடத்தைக் கேட்க மாணவர்கள் மாதக்கணக்கில் பயணம் செய்தனர். அந்த அறிஞர்களின் பெயர்களைக் கவனியுங்கள். ஹிஜ்ரி 417-இல் மறைந்த ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் கஃப்பால் அல்மர்வஸீ அவர்கள், முப்பது வயது வரை பூட்டுச் செய்தவர். 'கஃப்பால்' என்றால் பூட்டுத் தொழிலாளி என்பதே பொருள். தம் புறங்கையில் இருந்த தழும்புகளைக் காட்டி, இவை என் இளமைக்காலத் தொழிலின் அடையாளங்கள் என்று அவர் கூறியதாக வரலாற்று நூல்கள் பதிவு செய்துள்ளன. நம் கடலோர ஊர்களில் பெருவாரியான மக்கள் பின்பற்றும் மத்ஹபின் சட்ட விளக்கங்கள் ஒரு பூட்டுத் தொழிலாளியின் கைவழியாகவும் வந்தவை.

ஹனஃபி மத்ஹபில் இமாம் கஸ்ஸாஃப் அவர்களைக் காண்கிறோம். ஹிஜ்ரி 261-இல் மறைந்த அவர், செருப்புத் தைத்துப் பிழைத்தவர். அப்பெயரின் பொருளும் அதுவே. வக்ஃப் சட்டங்களைப் பற்றி அவர் எழுதிய நூல் அத்துறையின் தொடக்கக்கால நூல்களுள் முதன்மையானது. அரபு இலக்கண மேதை ஸஜ்ஜாஜ் கண்ணாடி வேலை செய்தவர். தம் அன்றாட ஊதியத்திலிருந்து நாள்தோறும் ஒரு திர்ஹம் கொடுத்து, ஆசிரியர் முபர்ரதிடம் இலக்கணம் பயின்றார். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கூஃபாவின் துணி வணிகர். ஆட்சியாளர் வற்புறுத்திய நீதிபதிப் பதவியை அவர்கள் மறுத்தார்கள். பிழைப்புக்காக அரசின் கையை நோக்கியிருக்கும் நிலை இல்லாதவர்க்கு அத்தகைய துணிவு எளிதாகிறது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். இன்றைய புகழாளரின் பழைய தொழில் பேட்டியில் சொல்லப்படும் ஒரு சுவையான செய்தி. அன்றைய அறிஞருக்கோ தொழிலே பெயர். புகழ் வந்த பின் அதை அவர்கள் துடைத்தெறியவில்லை. சமூகமும் அதைச் சொல்லிக் கூசவில்லை. மாணவர்கள் தம் ஆசானை 'பூட்டுக்காரர்' என்றே மதிப்போடு அழைத்தார்கள். ஆயிரம் ஆண்டுகள் கடந்து நாமும் அவ்வாறே அழைக்கிறோம்.

இதற்கு வேர் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. தாவூத் (அலை) அவர்களுக்கு இரும்பை மென்மையாக்கிக் கொடுத்ததையும், போர்க்கவசத்தின் வளையங்களை அளவறிந்து செய்யக் கட்டளையிட்டதையும் ஸபா அத்தியாயத்தில் இறைவன் எடுத்துரைக்கிறான். அரசரும் நபியுமாக இருந்த அவர்கள் தம் கை உழைப்பிலிருந்தே உண்டார்கள் என்பது புகாரியில் உள்ள செய்தி. ஸகரிய்யா (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள் என்பதை முஸ்லிம் நூலில் காண்கிறோம். நபிமார்களுக்குத் தொழில், ஏறிக் கடந்து விட்டுப்போகும் படிக்கட்டாக இருக்கவில்லை.

தமிழ் முஸ்லிம்களாகிய நம் அடையாளத்திலும் தொழில் கலந்திருக்கிறது. மரைக்காயர் என்னும் பெயரை மரக்கலத்தோடும், இராவுத்தர் என்னும் பெயரைக் குதிரையோடும் தொடர்புபடுத்திக் கூறுவது மரபு. தாமிரபரணிக் கரையின் பத்தமடையில், பட்டுத் துணிபோல் மடிக்கக் கூடிய கோரைப் பாய்களை நெய்து உலகறியச் செய்தவை லெப்பை முஸ்லிம் குடும்பங்களே. அப்துல் கலாம் அவர்களின் தந்தை, யாத்திரிகர்களை ஏற்றிச் செல்ல மரப்படகு கட்டியவர். கலாமும் பெங்களூர் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தில் விமான எஞ்சின்களைப் பிரித்துச் சீரமைக்கும் பணியில் பயிற்சி பெற்றவர்தாம்.

இத்தகைய மரபுடைய நாம் இன்று என்ன செய்கிறோம்? பத்தாம் வகுப்பில் மதிப்பெண் குறைந்த பிள்ளையை மட்டுமே, தண்டனை கொடுப்பது போல ஐ.டி.ஐ.க்கு அனுப்புகிறோம். அம்பத்தூரில் அரசுத் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது; அருகிலேயே பெரிய தொழிற்பேட்டை; ஆவடியில் பீரங்கி வண்டிகள் செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை. இவ்வளவையும் அருகில் வைத்துக்கொண்டு, விருப்பமில்லாத பாடத்தில் கடன் வாங்கிப் பட்டம் படிக்க வைத்து, பின்னர் வேலையில்லை என வருந்துகிறோம். மாப்பிள்ளை எலக்ட்ரீஷியன் என்று தரகர் சொன்னதும், அவருடைய தொழுகையையும் ஒழுக்கத்தையும் வருமானத்தையும் விசாரிக்காமலே 'வேறு இடம் பாருங்கள்' என்கிறோம். அதே வேலையை வளைகுடாவில் செய்தால் மட்டும் முகம் மலர்கிறது. அவ்வாறாயின் நாம் மதிப்பது தொழிலையா, நாணயத்தையா?

"அப்படியானால் பிள்ளைகள் மேற்படிப்பே படிக்க வேண்டாம் என்கிறீர்களா?" எனச் சிலர் கேட்கலாம். அதுவன்று என் கருத்து. படிக்க ஆர்வமுள்ள பிள்ளையைப் படிக்க வைப்பது பெற்றோரின் கடமை. ஸஜ்ஜாஜ் கண்ணாடி வேலை செய்துகொண்டே படித்தவர். கஃப்பால் முப்பது வயதில் படிக்கத் தொடங்கியவர். தொழிலும் கல்வியும் பகையாளிகள் அல்ல என்பதே அவர்களின் வாழ்க்கை தரும் பாடம்.

"உழைத்தால் நீயும் அஜித் ஆகலாம்" என்று சொல்வதும் முறையன்று. மெக்கானிக்காக வாழ்வைத் தொடங்கிய இலட்சக்கணக்கானோரில் திரைக்கு வந்தவர் மிகச் சிலரே. ஏனையோர் தோற்றவர்களா? ஒரு வண்டியின் பிரேக்கை ஒழுங்காகச் சரிசெய்து அனுப்புகிறவர், அதில் செல்லும் குடும்பத்தின் உயிரைக் காக்கிறார். அந்த நேர்மைக்குரிய கூலி இறைவனிடம் இருக்கிறது. அதற்குக் கைதட்டல் தேவையில்லை.

திரைப்படமே இதற்குச் சான்று தரும். நமக்கு அருகிலுள்ள ஈ.வி.பி. படப்பிடிப்புத் தளத்தில் பிக் பாஸ் போன்ற நிகழ்ச்சிகளின் பிரம்மாண்ட அரங்குகள் எழுகின்றன. அவற்றைக் கட்டுவோர் தச்சர், வண்ணம் பூசுவோர், மின்பணியாளர், வெல்டிங் செய்வோர். 2020 பிப்ரவரியில் அங்கே கிரேன் சரிந்து மூன்று பணியாளர்கள் உயிரிழந்தனர். படத்தின் பெயரும் நாயகனின் பெயரும் ஊருக்கே தெரியும். இறந்தவர்களின் பெயர் நம்மில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? லைட்ஹவுஸிலிருந்து பூந்தமல்லி நோக்கி வரும் மெட்ரோ பாதையில் கரையான்சாவடிக்கும் ஒரு நிலையம் உண்டு. அதன் தூண்களுக்குக் கம்பி கட்டியவர்களின் நிலையும் இதுவே.

ஆகவே மூன்று வேண்டுகோள்களை நம் குடும்பங்கள் முன்னும் ஜமாஅத் பெரியோர்கள் முன்னும் வைக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் சிறப்பிடம் பெற்றோருக்குப் பரிசளிக்கும் மேடையில், தொழிற்பயிற்சி முடித்த பிள்ளைகளையும் ஏற்றிப் பாராட்டுவோம். நிக்காஹ் விசாரணையில் 'என்ன டிகிரி?' என்பதற்கு முன், மார்க்கப் பற்றையும் தொழிலில் நேர்மையையும் கேட்போம். மூன்றாவதாக, நம் வீட்டு வாசலுக்கு வேலை செய்ய வருகிறவரை 'அண்ணன்' என்றோ 'பாய்' என்றோ மரியாதையாக அழைத்து, வியர்வை உலரும் முன் கூலி கொடுக்கச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் அறிவுரையை அன்றே நிறைவேற்றுவோம். நாம் அவரிடம் பேசும் விதத்தைப் பார்த்துத்தான் தொழிலை மதிப்பதா இகழ்வதா என்பதை நம் பிள்ளைகள் முடிவு செய்கின்றனர்.

இனி அஜித்தின் கதையையோ விந்தனின் கதையையோ பிள்ளைகளுக்குச் சொல்லும்போது கடைசி வாசகத்தை மட்டும் மாற்றிச் சொல்லுங்கள்: "அந்தத் தொழிலை ஒழுங்காகக் கற்றவர், அது அவருக்குக் கடைசிவரை துணை நின்றது."

கை உழைப்பில் பரக்கத்தையும், உழைப்பவரை மதிக்கும் உள்ளத்தையும் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.