'வளர்ச்சி ஊக்கி' என்னும் பொய்ப்பெயர்

நோய்க்குத் தர வேண்டிய நுண்ணுயிர்க்கொல்லியைச் சிறு அளவில் நாள்தோறும் தீவனத்தில் கலந்துவிட்டு, அதற்கு 'வளர்ச்சி ஊக்கி' என்று பெயர் சூட்டியது கோழி வளர்ப்புத் தொழில். பாடநூல்களும் அப்பெயரை வினாவின்றி ஏற்றுக்கொண்டன. மருந்து என்றால் 'எந்த நோய்க்கு?' என்ற கேள்வி எழும். ஊக்கி என்றால் எழாது. அப்பெயரின் பயனே அதுதான்.

1971இல் பின்லாந்தின் கறிக்கோழிகளில் சால்மொனெல்லா பரவியது. நூர்மி, ரண்டாலா என்னும் இருவர் வளர்ந்த கோழியின் குடற்பொருளைக் குஞ்சுகளுக்கு ஊட்டி, அவை தொற்றை எதிர்த்து நிற்பதை 1973இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். பொரிப்பகக் குஞ்சு தாய்க்கோழியைக் காண்பதே இல்லை. வெறுங்குடலோடு பண்ணைக்குள் நுழைகிறது. அக்குடலில் முதலில் குடியேறுவது எது என்பதே அதன் விதியைத் தீர்மானிக்கிறது.

குடியிருக்கும் பாக்டீரியா வந்தேறியைத் தடுக்கும் வழிகள் பல. ஒட்டுமிடத்தைப் பிடித்துக்கொள்வது ஒன்று. அமிலம் சுரப்பது மற்றொன்று. உணவைத் தீர்த்துவிடுவது அவற்றினும் நுட்பமானது. முன்பந்தியில் அமர்ந்தவர்கள் வழித்துண்ட பின் பின்பந்திக்கு ஏதும் மிஞ்சுவதில்லை. 2019இல் வெளியான குஞ்சு ஆய்வொன்று இதைத் தெளிவாகக் காட்டிற்று: குடலில் கசியும் சிறிதளவு ஆக்சிஜனை ஈ. கோலை முந்திக்கொண்டு நுகர்வதால் சால்மொனெல்லா பெருக முடிவதில்லை. ஆக்சிஜனை நுகரும் திறனை இழந்த ஈ. கோலை அக்காவலையும் இழந்தது. பாடநூல் 'தீயது' என்று பட்டியலிடும் உயிரே இங்குக் காவலாளி. நன்மை, தீமை என்பவை இனத்தின் பெயர்கள் அல்ல. இடமும் வேளையும் தரும் பெயர்கள்.

இனிக் கோலிஸ்டினை எண்ணிப் பார்க்க வேண்டும். அது தாக்குவது ஈ. கோலை போன்ற கிராம்-எதிர் பாக்டீரியாக்களையே. எதிர்ப்பாற்றல் பெற்ற சால்மொனெல்லா அப்போது நுழைந்தால், போட்டியாளரற்ற பந்தி அதற்குக் காத்திருக்கும். வேறெம்மருந்துக்கும் அடங்காத தொற்றுகளில் மனிதருக்குக் கடைசியாகத் தரப்படும் மருந்தும் இதுவே. கோலிஸ்டின் எதிர்ப்பைப் பிற பாக்டீரியாக்களுக்குக் கடத்தும் மரபணு 2015இல் சீனாவில் கண்டறியப்பட்டது. இந்திய அரசு உணவு விலங்குகளுக்கும் தீவனத்துக்கும் கோலிஸ்டினைத் தடைசெய்தது 2019 ஜூலையில்தான். மருந்து ஒன்றுக்குத் தடை வந்தது. 'ஊக்கி' என்னும் கருத்தாக்கமோ வகுப்பறையில் அப்படியே நிற்கிறது.

ஊக்கியின்றித் தொழில் நொடிந்துவிடும் என்பது பழைய வாதம். சுவீடன் 1986இலும், ஐரோப்பிய ஒன்றியம் 2006இலும் இதை விலக்கின. அங்கே கோழி வளர்ப்பு அழியவில்லை. கொட்டகையின் தூய்மையிலும் தீவனத்தின் தரத்திலும் செலவிட வேண்டியிருந்தது. அச்செலவைத் தவிர்ப்பதற்கே இங்கு மருந்து மலிவான மாற்றாகிறது.

மாற்றாக விற்கப்படும் 'நல்ல பாக்டீரியா'ப் பொட்டலங்களுக்கும் இதே கேள்வி பொருந்தும்: எந்தக் கிருமியின் எந்த உணவை இது பறிக்கிறது? விடை கூறாத பொட்டலம் வெறும் நம்பிக்கையை விற்கிறது.

கால்நடை அறிவியல் துறைகள் முதலில் செய்ய வேண்டியது எளியது. ஆய்வேட்டிலும் வினாத்தாளிலும் 'வளர்ச்சி ஊக்கி' என்று எழுதும் இடங்களில் 'நோயற்ற கோழிக்குத் தரப்படும் நுண்ணுயிர்க்கொல்லி' என்று எழுதட்டும். அதன் பின் அதை நியாயப்படுத்துவோர் நியாயப்படுத்திப் பார்க்கட்டும்.