நம்பிக்கைக்கு ரசீது உண்டா?

'டிரஸ்ட்' என்ற ஆங்கிலச் சொல் மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒரு தொல்லை. நம்பிக்கை என்று எழுதலாம். அறக்கட்டளை என்றும் எழுதலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவைப் பற்றிய செய்தி என்றால் இரண்டுமே தப்பு. அங்கே அது ராக்ஃபெல்லரின் ஸ்டாண்டர்ட் ஆயில் போல சந்தையை வளைத்துப்போட்ட ஏகபோகக் கூட்டைக் குறிக்கும். அந்தக் கூட்டுகளை ஒடுக்க 1890-ல் ஷெர்மன் சட்டம் வந்தது. அந்த வகைச் சட்டங்களுக்கு இன்றும் 'ஆன்டிடிரஸ்ட்' என்றுதான் பெயர். மூன்று அர்த்தங்களும் ஒரே இடத்தில் வந்து மோதிக்கொள்வது அபூர்வம். அமெரிக்காவின் சியர்லீடிங் ஜிம்களில் அது நடந்திருக்கிறது.

சியர்லீடர் என்றதும் நமக்கு ஐபிஎல் நினைவு வரும். 2008-ல் பெங்களூர் அணி அமெரிக்காவிலிருந்து சியர்லீடர்களை வரவழைத்தபோது எழுந்த கலாசாரக் கூச்சலோடு நம் அறிமுகம் முடிந்துவிட்டது. 'ஆல் ஸ்டார்' எனப்படும் போட்டி சியர்லீடிங் வேறு சமாச்சாரம். இதில் உற்சாகப்படுத்த இன்னொரு அணி கிடையாது. இதுவே ஆட்டம். 54 அடி அகலம், 42 அடி ஆழம் கொண்ட தரை, இரண்டரை நிமிடம். அதற்குள் கரணம், மனிதக் கோபுரம், ஆளைத் தூக்கி எறிந்து பிடிக்கும் சாகசம் எல்லாம் முடிய வேண்டும். பள்ளி செல்லத் தொடங்கும் வயதிலேயே பிள்ளைகள் சேருகிறார்கள். பலருடைய கனவு, ஃபுளோரிடா மாநிலம் ஆர்லாண்டோவில் டிஸ்னி வளாகத்தில் நடக்கும் உலகப் போட்டி.

இதை நடத்துவது பள்ளிகள் அல்ல, தனியார் ஜிம்கள். ஒரு காலத்தில் கோபுர உச்சியில் நின்ற பெண், நாற்பதை நெருங்கும்போது புறநகரில் ஒரு கிடங்கை வாடகைக்குப் பிடித்து ஸ்பிரிங் தரை போட்டால் அது ஒரு ஜிம். கோடைக்கு முன் அணித் தேர்வு நடக்கும். தேர்வான பிள்ளையின் பெற்றோர் ஒரு வருஷத்துக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, கிரெடிட் கார்டு எண்ணையும் எழுதிக் கொடுப்பார்கள். பிறகு அந்தக் கார்டிலிருந்து பணம் போய்க்கொண்டே இருக்கும். மாதக் கட்டணம், சீருடை, நடன அமைப்பாளர் கூலி, இசைத் தொகுப்பு, போட்டி நுழைவுக் கட்டணம், பயிற்சியாளரின் பயணச் செலவில் பங்கு, தலையில் கட்டும் பெரிய ரிப்பன். வருஷத்துக்குச் சில ஆயிரம் டாலர் என்பது சர்வ சாதாரணம். விமானம், ஹோட்டல் தனி. சொந்தப் பெண் ஆடுவதைப் பார்க்கவும் டிக்கெட் வாங்க வேண்டும்.

பாதியில் விலகுவது சுலபமில்லை. ஒரு பெண்ணைத் தூக்கி நிறுத்த வழக்கமாகக் கீழே மூன்று பேர் வேண்டும். நால்வரில் ஒருவர் போனால் மற்ற மூவரும் நிற்க வேண்டியதுதான். நடன அமைப்பே மாறும். அதனால்தான் விலகல் கட்டணம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறது. அதில் நியாயமும் இருக்கிறது. ஜிம் உரிமையாளர் நடன அமைப்பாளருக்கு முன்கூட்டியே பணம் கொடுத்தாக வேண்டும். போட்டி நுழைவுக்கும் முன்பே கட்ட வேண்டும். கிடங்கு வாடகை யாருக்காகவும் காத்திருக்காது.

சிக்கல் தொடங்குவது இந்தப் பணமெல்லாம் ஒரே கணக்கில் விழும்போது. நவம்பர் போட்டிக்கென்று வாங்கிய தொகை செப்டம்பர் வாடகைக்குப் போகும். போன வருஷத் துண்டு இந்த வருஷ முன்பணத்தால் விழும். புதிய பிள்ளைகள் சேரும் வரை சக்கரம் சுற்றும். ஒரு தேர்வில் கூட்டம் குறைந்தால் நின்றுவிடும். அப்போது உரிமையாளர் திருடர் என்று சொல்ல முடியாது. பெரும்பாலும் அவர் கணக்கு தெரியாத ஒரு நல்ல பயிற்சியாளர். ஆனால் பணத்தைத் தொலைத்த குடும்பத்துக்கு இந்த வித்தியாசத்தால் என்ன லாபம்? 2020-ல் கொரோனாவால் ஜிம்கள் பூட்டப்பட்டு, அந்த வருஷத்து உலகப் போட்டியும் ரத்தானபோது ஒரு கேள்வி பலரைக் குடைந்திருக்கும்: கட்டிய பணம் இப்போது யார் கையில் இருக்கிறது?

இனி அறக்கட்டளை. செலவைச் சமாளிக்கப் பெற்றோர் சேர்ந்து 'பூஸ்டர் கிளப்' என்ற லாபநோக்கற்ற சங்கம் வைப்பது அங்கே வழக்கம். பொருட்களை விற்று நிதி திரட்டுவார்கள். அதற்கு வரிவிலக்கு உண்டு. வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு ஜிம்னாஸ்டிக்ஸ் பெற்றோர் சங்கம் இதைக் கொஞ்சம் 'நியாயமாக' நடத்தியது. எந்தக் குடும்பம் எவ்வளவு விற்கிறதோ, அந்த லாபம் அந்தக் குடும்பத்துப் பிள்ளையின் கட்டணத்தில் மட்டும் கழியும். விற்காதவர்களுக்கு ஒன்றும் இல்லை. 2013-ல் வரி நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. தன் பிள்ளைக்காகத் தான் உழைப்பது தனிப்பட்ட ஆதாயம், தர்மம் அல்ல என்று சங்கத்தின் வரிவிலக்கு பறிபோனது. உழைத்தவனுக்கே பலன் என்பது வீட்டு நியாயம். பொதுப் பணத்துக்கு அது பொருந்தாது. சியர்லீடிங் சங்கங்களுக்கும் இது எச்சரிக்கை.

மூன்றாவது அர்த்தம்தான் பெரியது. இந்தத் துறையின் சக்கரவர்த்தி வார்சிட்டி என்ற நிறுவனம். 1974-ல் ஜெஃப் வெப் பயிற்சி முகாம்களோடு தொடங்கியது, போட்டியாளர்களை ஒவ்வொருவராக விலைக்கு வாங்கி, முகாம், சீருடை, போட்டி மூன்றையும் கையில் வைத்துக்கொண்டது. சீருடையின் கோடுகளுக்கும் வடிவங்களுக்கும் காப்புரிமை கிடைக்கலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றத்திலேயே வென்ற நிறுவனம் இது. 2018-ல் பெய்ன் கேப்பிடல் இதை வாங்கியது. 2024-ல் கேகேஆர் கைக்கு மாறியது. பெரிய முதலீட்டு நிறுவனங்கள் சிறுமிகளின் கரணத்தில் ஆர்வம் காட்டுகின்றன என்றால் அதில் எவ்வளவு பணம் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

2020-ல் இந்த நிறுவனத்தின் மீது ஏகபோக வழக்குகள் பாய்ந்தன. குற்றச்சாட்டுகளில் இரண்டு முக்கியமானவை. ஒன்று, போட்டிக்கு வரும் குடும்பங்கள் அமைப்பாளர் சொல்லும் ஹோட்டலில்தான் தங்க வேண்டும் என்ற நிபந்தனை. மற்றொன்று, வார்சிட்டி போட்டிகளுக்கும் சீருடைகளுக்கும் அதிகம் செலவிடும் ஜிம்களுக்குத் தரப்பட்ட தள்ளுபடித் தொகை. இந்தத் திட்டத்தின் பெயர் 'ஃபேமிலி பிளான்'. குடும்பங்களுக்கும் இதற்கும் உள்ள சம்பந்தம், பணம் அவர்களுடையது என்பதுதான். தள்ளுபடி ஜிம்முக்குப் போனது.

ஜிம்கள் தொடர்ந்த வழக்கில் 2023-ல் 4.35 கோடி டாலருக்கு உடன்பாடு ஏற்பட்டது. பெற்றோர் உள்ளிட்டோர் தொடர்ந்த தனி வழக்கு 2024-ல் 8.25 கோடி டாலரில் முடிந்தது. தவறு எதையும் நிறுவனம் ஒப்புக்கொள்ளவில்லை.

ஏன் இரண்டு வழக்கு? இங்கேதான் சட்டத்தின் விசித்திரம். 1977-ல் இல்லினாய் பிரிக் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு விதி வகுத்தது. மத்திய ஏகபோகச் சட்டத்தின் கீழ் நஷ்டஈடு கேட்க, நேரடியாக வாங்கியவருக்கே உரிமை. போட்டி நுழைவை வாங்கியது ஜிம். பெற்றோர் ஜிம்முக்குப் பணம் கொடுத்தவர்கள். ஆக, சட்டத்தின் கண்ணில் அவர்கள் 'மறைமுக' வாங்குநர்கள். நஷ்டஈட்டுக்கு மாநிலச் சட்டங்களைத் தேடிப் போக வேண்டியிருந்தது. ஒவ்வொரு டாலரும் தன் பையிலிருந்து போனது என்று தெரிந்த ஒரு தாய்க்கு இதை விளக்குவது கஷ்டம்.

தள்ளுபடி வாங்குவது குற்றமா? மொத்தமாக வாங்குபவருக்கு விலைச் சலுகை எல்லா வியாபாரத்திலும் உண்டு. அந்தப் பணத்தால் ஜிம்மின் மாதக் கட்டணம் குறைந்திருக்கவும் கூடும். ஆனால் எந்தப் போட்டிக்குப் போவது, எந்தச் சீருடை அணிவது என்று ஜிம் தீர்மானிப்பது குடும்பங்களின் சார்பில். பிறர் சார்பில் தீர்மானிப்பவர், அந்தத் தீர்மானத்தால் தனக்கு என்ன கிடைக்கிறது என்று சொல்லத்தான் வேண்டும். குறைந்த கட்டணத்துக்கு அதுதான் காரணம் என்றால், அதையும் கட்டணத் தாளில் எழுதிவிடலாமே?

பரிகாரங்கள் ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. போட்டிப் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு. ஒட்டுமொத்தத் தொகைக்குப் பதில் இனவாரியான பட்டியல். அணி பதிவாகிவிட்டது என்பதற்கு அமைப்பாளரின் சீட்டு. பெற்றோர் விலகினால் அபராதம் என்றால், ஜிம் மூடினால் என்ன என்பதற்கும் ஒப்பந்தத்தில் ஒரு வரி. சங்கக் கணக்குக்கு இரண்டு கையெழுத்து. நாணயமான ஜிம்முக்கு இதனால் செலவு அதிகமில்லை. நாணயமில்லாததுக்கு மட்டும் இது தொந்தரவு.

இதெல்லாம் நமக்குத் தூரத்துக் கதை அல்ல. 2025 ஜனவரியில் தில்லி, நொய்டா, மீரட் போன்ற நகரங்களில் ஒரு பெரிய நுழைவுத் தேர்வு பயிற்சி நிறுவனத்தின் மையங்கள் திடீரென்று மூடப்பட்டபோது, முழுக் கட்டணமும் கட்டியிருந்த பெற்றோர் போலீஸ் நிலையத்தில் நின்றார்கள். அதற்கு ஒரு வருஷம் முன்பு, 2024 ஜனவரியில், மத்தியக் கல்வி அமைச்சகம் வெளியிட்ட நெறிமுறைகளில் நல்ல அம்சங்கள் உண்டு. நடுவில் கட்டணத்தை உயர்த்தக் கூடாது. மாணவர் பாதியில் விலகினால் மீதிக் காலத்துக்கான பணத்தைப் பத்து நாளில் திருப்பித் தர வேண்டும். மையமே விலகிப் போனால்? பூட்டிய கதவிடம் பத்து நாள் கெடு விதித்து என்ன பயன்? பணம் கைமாறும்போதே பாதுகாப்பு இல்லாவிட்டால் பின்னால் வரும் விதி காகிதம்தான்.

ஆனாலும் யாரும் கேட்பதில்லை. ஆர்லாண்டோ கனவானாலும் ஐஐடி கனவானாலும் காரணம் ஒன்றுதான்: பயம். கணக்குக் கேட்கும் தாயின் பெண்ணைக் கோபுர உச்சியிலிருந்து இறக்கிக் கடைசி வரிசையில் நிறுத்திவிட்டால்? நிறுத்தமாட்டார்கள் என்று யாரும் எழுதித் தருவதில்லை. பிள்ளையின் சந்தோஷம் பிணையாக இருக்கும்போது பெற்றோர் வாய் திறப்பதில்லை; அந்த மௌனத்துக்கு நம்பிக்கை என்று பேர் சூட்டிக்கொள்கிறோம். ஆகவே கேட்பவர் ஒருவராக இருக்கக் கூடாது. அணித் தேர்வு முடிந்த அன்றே, கார்டு எண்ணை எழுதும் முன், எல்லாப் பெற்றோரும் சேர்ந்து கேட்கட்டும். இருபது பேரின் பிள்ளைகளையும் கடைசி வரிசையில் நிறுத்த எந்த ஜிம்மாலும் முடியாது.