தமிழுக்கு ஆங்கில விசை எதற்கு?

மாணவ நண்பர்களே, 'தமிழ்' என்ற சொல்லை உங்கள் வீட்டுக் கைபேசியில் எப்படித் தட்டுகிறீர்கள்? உங்களுள் பலர் டி, ஏ, எம், ஐ, இசட், எச் என்று 6 ஆங்கில எழுத்துகளைத் தட்டிவிட்டு, திரையில் தோன்றும் தமிழ்ச் சொல்லைத் தொட்டு ஏற்றுக்கொள்கிறீர்கள் அல்லவா? தமிழ்வழியில் படிக்கும் ஒரு மாணவியை எண்ணிப் பாருங்கள். தன் மொழியின் பெயரை எழுதுவதற்கு, ழகரத்துக்கு இசட்டும் எச்சும் சேரவேண்டும் என்பதை அவள் முதலில் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கிறது. தமிழ் எழுத ஆங்கிலம் முன்நிபந்தனையா? இது எனக்குச் சரியாகப் படவில்லை. நீங்கள் தமிழைத் தமிழ் விசைகளிலேயே தட்டப் பழக வேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

இப்போது புழக்கத்தில் உள்ள ஆங்கில விசை வரிசை கணினிக்காகப் பிறந்தது அன்று. அமெரிக்காவின் மில்வாக்கி நகரைச் சேர்ந்த கிறிஸ்டோபர் ஷோல்ஸ் உருவாக்கிய தட்டச்சுப் பொறியை 1874-இல் ரெமிங்டன் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்றைய வரிசை ஏறத்தாழ அதிலேயே அமைந்துவிட்டது. பிற்பாடு ஆகஸ்ட் டிவோராக் என்பவர், அதிகம் வரும் எழுத்துகளை விரல்கள் ஓய்வாக இருக்கும் நடு வரிசையில் வைத்து வேறோர் அமைப்பைச் செய்து, 1936-இல் காப்புரிமையும் பெற்றார். ஆனால் உலகம் மாறவில்லை. அலுவலகங்களில் பொறிகள் ஏற்கெனவே இருந்தன, விரல்களும் பழகிவிட்டிருந்தன. ஒரு முறை பழகிய விரலை மாற்றுவது கடினம். இந்தக் கட்டுரையை என் சக ஆசிரியர்களுக்கு எழுதாமல் 14, 15 வயதிலிருக்கும் உங்களுக்கு எழுதுவதன் காரணம் அதுதான்.

சரி, 247 எழுத்துகளை ஒரு விசைப்பலகையில் அடக்க முடியுமா என்று கேட்பீர்கள். அடக்க வேண்டியதில்லை. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, ஆக 31 விசைகள் போதும். உயிர்மெய் 216-உம் இவற்றின் கூட்டல்தானே! ஆங்கில எழுத்துகளுக்கான 26 விசைகளோடு, பக்கத்திலுள்ள குறியீட்டு விசைகளில் 5 சேர்ந்தால் கணக்கு முடிந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி உருவாகி, அதே ஆண்டில் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட 'தமிழ் 99' அமைப்பு இப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது.

இந்த அமைப்பை வகுத்தவர்கள் இலக்கணம் அறிந்தவர்கள் என்பது தட்டிப் பார்த்தால் புரியும். உயிரெழுத்துகள் 12-உம் இடக்கைப் பக்கம். மெய்களில் பெரும்பாலானவை வலக்கைப் பக்கம். ஆகவே மெய்யும் உயிரும் மாறி மாறி வரும்போது கைகளும் மாறி மாறி வேலை செய்கின்றன. நடு வரிசையில் இடப்புறம் அ, இ, உ. வலப்புறம் க, ப, ம, த. இன்னொன்றும் உண்டு. ஒரே மெய்யை இரு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழும். ங, க போலவும் ம, ப போலவும் இன எழுத்துகள் அடுத்தடுத்து வந்தாலும் அப்படியே. 'தம்பி' என்பதற்கு த, ம, ப, இ என 4 தட்டல்கள். ஆங்கில எழுத்துகளில் இதற்கே 6 வேண்டும். 'அக்கா'வுக்கு அ, க, க, ஆ. மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வரும் என்று வகுப்பில் படித்தோமே, அந்த விதி இங்கே விரலுக்கு உழைப்பை மிச்சப்படுத்துகிறது! பழைய தமிழ்த் தட்டச்சுப் பொறியில் 'கொ' எழுத ஒற்றைக் கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் 3 முறை தட்ட வேண்டும். இங்கே க, ஒ என்று ஒலிக்கும் வரிசையில் 2 முறை.

தட்டல்களின் எண்ணிக்கையைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறு. ஆங்கில எழுத்தில் தட்டுகிறவருக்கு ல, ள, ழ எது என்பதைக் கைபேசியே ஊகித்துச் சொல்கிறது. வெல்லமா, வெள்ளமா? திரை ஒரு பட்டியலை நீட்டும். நாம் ஒன்றைத் தொடுவோம். அவசரத்தில் முதலில் இருப்பதையே தொடுவோம். நாளடைவில் எழுத்துப்பிழை இன்றி எழுதும் பொறுப்பு நம் நினைவிலிருந்து இயந்திரத்துக்குப் போய்விடுகிறது. தேர்வுத்தாளில் பட்டியல் நீட்ட யாரும் இல்லை. செய்முறைக் குறிப்பேட்டில் 'வெப்ப நிலை உயர்ந்தது' என்று எழுத வேண்டியவர் றகரத்தைப் போட்டுவிட்டு விழிப்பதை நான் ஆய்வகத்தில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். தமிழ் விசையில் ளகரம் வேண்டுமென்றால் ளகரத்தையே தேட வேண்டும். வேறு வழி இல்லை.

ஆங்கில எழுத்துவழித் தமிழ் பயனற்றது என்று நான் சொல்லவில்லை. கடல் கடந்து வாழ்ந்த தமிழர்களுக்கு ஆங்கில விசைப்பலகை மட்டுமே கிடைத்த காலத்தில், மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய 'முரசு அஞ்சல்' போன்றவை பெரிய உதவி செய்தன. பேசினால் எழுதிக்கொள்ளும் வசதியும் நல்லதுதான், பார்வையற்றோர்க்கு மிகவும் நல்லது. ஆனால் நூலகத்தில் உட்கார்ந்து உரக்கப் பேச முடியுமா?

இன்னொரு பேச்சு, கண்ணாடித் திரையைப் பற்றி. தொடுதிரையின் கண்ணாடிக்குப் பின்னே மின்சாரத்தைக் கடத்தும் ஒளிபுகு படலம் ஒன்று வலை போல அமைந்திருக்கிறது. பெரும்பாலும் இண்டியம் டின் ஆக்சைடு. நம் உடலும் மின்கடத்தி அல்லவா? விரல் நெருங்கும்போது அவ்விடத்தின் மின்தேக்குதிறன் சிறிது மாறுகிறது. அந்த மாற்றம்தான் 'தொட்டது' என்ற செய்தி. பிளாஸ்டிக் அளவுகோலின் முனையால் தட்டிப் பாருங்கள், திரை அசையாது. அதே முனையில் அலுமினியத் தாளைச் சுற்றி, தாள் உங்கள் விரலில் படும்படி பிடித்துத் தட்டுங்கள். இப்போது கேட்கும்! மழைத்துளி விழுந்த திரை ஏன் தாறுமாறாக நடந்துகொள்கிறது என்பதையும் இதிலிருந்தே நீங்கள் ஊகிக்கலாம்.

அருமையான கருவிதான். எனினும் அழுந்தாத விசை அது. சாதாரண விசைப்பலகையில் விசையின் அடியிலுள்ள ரப்பர் குமிழ் முதலில் எதிர்க்கிறது, பின் சட்டென்று மடங்குகிறது. அந்த மாற்றத்தை விரல் உணர்ந்து 'எழுத்து விழுந்தது' என்று அறிகிறது. கண் பார்க்க வேண்டியதில்லை. ஆள்காட்டி விரல்கள் இருக்க வேண்டிய இரு விசைகளில் சிறு மேடு இருக்கும், தடவிப் பாருங்கள். தமிழ் 99-இல் அவை ஆய்தமும் பகரமும். கண்ணாடியில் இந்தத் தடயம் எதுவும் இல்லை. இரண்டு வரிச் செய்திக்குத் திரை போதும். நான்கு பக்கக் கட்டுரைக்கு அழுந்தும் விசைப்பலகையே ஏற்றது. புதிய கைபேசி வாங்கித் தரச் சொல்லி வீட்டில் அடம் பிடிப்பதைவிட, அதைவிடப் பன்மடங்கு மலிவான ஒரு விசைப்பலகை கேளுங்கள். பல கைபேசிகளில் அதை ஒரு சிறு இணைப்புக் கம்பியால் பொருத்திக்கொள்ளலாம்.

இன்றைய கணினிகள் பலவற்றிலும் கைபேசிகள் பலவற்றிலும் தமிழ் 99-ஐத் தெரிந்தெடுக்கும் வசதி இருக்கிறது. அமைப்புகள் பகுதியில் மொழிப் பட்டியலைத் திறந்து பாருங்கள். முதல் சில நாள் ஆமை வேகம்தான். தினம் கால் மணி நேரம், பாடப்புத்தகத்தின் ஒரு பத்தியைத் தட்டி வாருங்கள். இடையில் 'மமதை' என்ற சொல் வரட்டும். ம, ம என்று தட்டினால் வேண்டாத புள்ளி ஒன்று விழுந்துவிடும். விழாமல் எழுத என்ன செய்ய வேண்டும்? ஒரு குறிப்பு: மகரத்தில் மறைந்திருக்கும் உயிர் எது என்று யோசியுங்கள். இரண்டு மகரங்களுக்கும் நடுவே அதைத் தட்டுங்கள்.