ஆகஸ்ட் சம்பளத்தில் 1,250 ரூபாய் எங்கே போனது?

சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் வேலை பார்க்கும் ஒருவருக்கு மாதச் சம்பளம் 18,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 12,000. பி.எஃப்.புக்கு 1,440 ரூபாயும் இ.எஸ்.ஐ.க்கு 135 ரூபாயும் போக, மாதாமாதம் 16,425 ரூபாய் வங்கிக் கணக்கில் ஏறும். ஏப்ரல் முதல் ஜூலை வரை இதே தொகைதான். ஆகஸ்ட் சம்பளம் மட்டும் 15,175 என்று செல்போனில் மெசேஜ் வருகிறது. லீவும் போடவில்லை, அட்வான்ஸும் வாங்கவில்லை. 1,250 ரூபாயைக் காணோம்!

கணக்கரிடம் கேட்டால் 'தொழில் வரி' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். தொழில் செய்வது முதலாளி, வரி கட்டுவது தொழிலாளியா என்று கோபம்கூட வரும். பெயர் செய்யும் குழப்பம் அது. சம்பளத்துக்கு வேலை பார்ப்பதும் சட்டத்தின் கண்ணில் தொழில்தான். டாக்டர், வக்கீல், கடைக்காரர் எல்லோருக்கும் இந்த வரி உண்டு.

அமெரிக்காவில் வேலை பார்க்கும் உறவினர் யாராவது இருந்தால், 'இங்கே மாநிலத்துக்குத் தனியாக வருமான வரி' என்று அலுத்துக்கொள்வதைக் கேட்டிருக்கலாம். நியூயார்க் நகரத்தில் குடியிருப்பவர் நாட்டுக்கு ஒன்று, மாநிலத்துக்கு ஒன்று, நகரத்துக்கு ஒன்று என மூன்று வருமான வரி கட்டுகிறார். டெக்சாஸில் இருப்பவருக்கு மாநில வருமான வரியே கிடையாது. நம் நாட்டில் சம்பளத்துக்கான வருமான வரியைப் போடும் அதிகாரம் மத்திய அரசுக்கு மட்டும்தான். விவசாய வருமானம்தான் மாநிலங்களின் பங்கு. ஆனால், அரசியல் சட்டத்தின் 276-வது பிரிவு ஒரு சின்னக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. அந்த வழியாக வருவதுதான் தொழில் வரி.

தமிழ்நாட்டில் அதை வசூலிப்பது கோட்டையில் இருக்கும் அரசு அல்ல. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி ஆகிய உள்ளாட்சிகள். ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என ஆண்டுக்கு இரண்டு தவணை. பல நிறுவனங்கள் ஆகஸ்டிலும் ஜனவரியிலும் மொத்தமாகப் பிடித்துவிடுவதால்தான் அந்த மாதங்களில் திடீர்ப் பள்ளம் விழுகிறது. வேறு சில இடங்களில் மாதம் 208 ரூபாய் என்று பிரித்துப் பிடிப்பார்கள். வலி தெரியாது.

இந்த வரியில் ஓர் அநியாயமும் இருக்கிறது. ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்பது அரசியல் சட்டமே போட்ட உச்சவரம்பு. முன்பு 250 ரூபாயாக இருந்ததை 1988-ல் திருத்தி 2,500 ஆக்கினார்கள். அதோடு சரி, அந்தத் தொகை நகரவே இல்லை. சென்னை மாநகராட்சியின் பட்டியலில் அரையாண்டு வருமானம் 75,000 ரூபாயைத் தாண்டினாலே உச்சத் தொகையான 1,250 வந்துவிடுகிறது. அதாவது மாதம் 13,000 வாங்கும் பில் போடும் பெண்ணுக்கும், ஒரு லட்சத்து முப்பதாயிரம் வாங்கும் மேனேஜருக்கும் ஒரே வரி! இதைவிடக் குறைந்த வருமானத்துக்கான தொகையை அந்தந்த உள்ளாட்சியே நிர்ணயிப்பதால் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும்.

சம்பளக்காரருக்கு வேலை செய்யும் இடம்தான் கணக்கு, குடியிருக்கும் இடம் அல்ல. விருதுநகரிலிருந்து பஸ் ஏறி சிவகாசிக்கு வேலைக்குப் போகிறவரின் தொழில் வரி, திருத்தங்கலையும் சேர்த்துக்கொண்டு 2021-ல் உருவான சிவகாசி மாநகராட்சிக்குப் போகும். ஊருக்கு வெளியே இருக்கும் பட்டாசு ஆலை என்றால் அந்த ஊராட்சிக்கு. சரக்கு மூட்டைக்கு இவ்வளவு என்று வியாபாரிகள் 'மகமை' எடுத்து, வீட்டுக்கு வீடு பிடி அரிசி சேர்த்துப் பள்ளிக்கூடம் நடத்திய ஊர் விருதுநகர். காமராஜர் படித்த பள்ளியே அப்படி வளர்ந்ததுதான். ஊரில் சம்பாதிப்பதில் ஒரு துளி ஊருக்கு என்பது இந்தப் பக்கத்து மக்களுக்குப் புதிதல்ல. மகமைக்கு ஊர்க்கூட்டத்தில் கணக்குக் கேட்பார்கள். தொழில் வரிக்குக் கிராமசபையில் யாரும் கேட்பதில்லை. கேட்கலாம்.

மத்திய அரசின் வருமான வரியைப் பற்றி இந்தச் சம்பளக்காரர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. 2025-26 நிதியாண்டில் புதிய முறையில், சம்பளம் 12.75 லட்சம் வரை இருந்தால் வரி கிடையாது. கட்டிய தொழில் வரியைக் கழித்துக்கொள்ளும் வசதி பழைய முறையில் மட்டும் உண்டு.

உண்மையான கவலை சம்பளச் சீட்டில் இருக்கும் மற்ற இரண்டு வரிகளில்தான். இங்கே 'வரி' என்றால் எழுத்து வரி. பி.எஃப்.பும் இ.எஸ்.ஐ.யும் டாக்ஸ் கிடையாது. ஆனால் வேலை பேசும்போது, 'பிடித்தம் இல்லாமல் முழுசாகக் கையில் கொடுத்துடறோம்' என்று சொன்னால் பலருக்கு இனிக்கிறது. வாரக்கூலியை நம்பிக் குடும்பம் ஓட்டுகிறவருக்கு நூறு ரூபாயும் பெரிதுதான். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கணக்கை மட்டும் பார்ப்போம். மேலே சொன்ன சம்பளத்தில் பிடித்தம் இல்லையென்றால் மாதம் 1,575 ரூபாய் கூடுதலாகக் கைக்கு வரும். அதே நேரம், நிர்வாகம் தன் பங்காகக் கட்ட வேண்டிய 1,440 ரூபாய் பி.எஃப்., 585 ரூபாய் இ.எஸ்.ஐ., ஆக 2,025 ரூபாய் மாதாமாதம் போகும்.

பட்டாசு ஆலை என்றால் கணக்கு இதோடு முடியாது. இ.எஸ்.ஐ.யில் பதிவானவர் வேலையில் காயம்பட்டால், குணமாகும்வரை சம்பளத்தில் 90 சதவிகிதம் உதவித்தொகையாக உண்டு. உயிரே போய்விட்டால் அதே 90 சதவிகிதத்தை மனைவி, பிள்ளைகள் முதலானோருக்கு மாத ஓய்வூதியமாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள். விபத்துக்கு, இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது. முதல் நாள் வேலைக்குப் போனவருக்கும் பொருந்தும். சாதாரண நோய்க்கான விடுப்பூதியத்துக்குத்தான் ஆறு மாதத்தில் 78 நாள் சந்தா வேண்டும். பி.எஃப். உறுப்பினர் பணியில் இருக்கும்போது இறந்தால், எந்தக் காரணமாக இருந்தாலும், குடும்பத்துக்கு 7 லட்சம் வரை காப்பீடு உண்டு. அதற்குத் தொழிலாளியின் சம்பளத்திலிருந்து ஒரு பைசாகூடப் பிடிப்பதில்லை.

பிடித்தம் செய்த பணம் போய்ச் சேர்ந்ததா என்பது அடுத்த கேள்வி. சீட்டில் எழுதியிருப்பது மட்டும் சாட்சி ஆகாது. உமங் செயலியில் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்தால், நிர்வாகம் எந்தெந்த மாதம் கட்டியது என்று தெரியும். பதிவு செய்த செல்போனிலிருந்து 9966044425-க்கு மிஸ்டு கால் கொடுத்தாலும் இருப்பு மெசேஜாக வரும்.

பாஸ்புக்கைத் திறந்ததும் பெயரையும் பார்த்துவிட வேண்டும். ஆதாரில் 'முருகேஸ்வரி', ஆலைப் பதிவேட்டில் 'ஈஸ்வரி', ரேஷன் கார்டில் வேறோர் எழுத்து என்று இருப்பது இந்தப் பக்கம் சகஜம். சீசனுக்கு ஓர் ஆலை என்று மாறுகிறவர்கள் ஒவ்வொரு முறையும் புது யு.ஏ.என். எண் வாங்காமல் பழைய எண்ணையே கொடுக்க வேண்டும். பி.எஃப். ஓய்வூதியத்துக்குப் பத்து ஆண்டுப் பணி தேவை. நான்கு எண்களில் மும்மூன்று ஆண்டுகளாகச் சிதறிக் கிடந்தால், அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளையும் ஒன்று சேர்க்க 58 வயதில் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்க வேண்டியிருக்கும்.