திரை இருண்டால் திகைக்க வேண்டா

சென்ற மாதத்தில் ஓரிரவு எட்டு மணி கடந்தபின், வரதய்யபாளையத்தில் நம் தெருவிலேயே குடியிருக்கும் அன்பர் ஒருவர், லேப்டாப் ஒன்றைத் துண்டில் சுற்றிக் கைக்குழந்தையை ஏந்துவதுபோல் ஏந்திக்கொண்டு வந்தார். ஸ்ரீசிட்டியில் ஆலைப் பணி செய்பவர். விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர். அவருக்குப் பின்னால் அழுத கண்களுடன் அவர் மகள். கல்லூரியில் இறுதியாண்டு பயிலும் அப்பெண்ணின் ஆய்வேடு முழுவதும் அக்கருவிக்குள் இருந்தது. ஒப்படைக்க நான்கு நாட்களே எஞ்சியிருந்தன. முதல்நாள் இரவு அப்டேட் ஏறியது. காலையில் திறந்தால் திரை நிறையக் கோடுகள். சற்று நேரத்தில் இருள். கடையில் காட்டியதற்கு, "டிஸ்ப்ளே கார்டு போய்விட்டது, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றிப் பார்க்கிறேன், உள்ளே இருப்பதற்கு நான் பொறுப்பில்லை" என்றாராம் கடைக்காரர்.

இச்சொற்கள் நமக்குப் புதியன அல்ல. மூன்றாண்டுகளுக்கு முன் நம் வீட்டுக் கணினிக்கும் இதே நோய் கண்டது. "அழித்து ஏற்றட்டுமா?" என்று கேட்டவரிடம் நாமே தலையசைத்துவிட்டோம். நம் தாயார் மறைவதற்கு முந்திய பொங்கலன்று எடுத்த படங்கள் அதனுள் இருந்தன என்பது, வீடு திரும்பிய பிறகே நினைவுக்கு வந்தது. பிறரைக் குறை கூறிப் பயனில்லை. கேட்கத் தெரியாதது நம் பிழை. அன்று அறியாததைப் பின்னர் முயன்று கற்றோம். அதனையே இம்மாதம் அன்பர்கள் முன் வைக்கிறோம்.

எல்லைப்புறத்தில் வாழும் நமக்கு இதனை விளக்குவது எளிது. தெலுங்கில் மட்டும் எழுதிய அலுவலகத் தாள் ஒன்று கைக்கு வந்தால், இருமொழியும் அறிந்த ஒருவரைத் தேடிப் போகிறோம் அன்றோ? அத்தகையோரை முற்காலத்தில் துபாஷி என்றனர். புதுச்சேரியில் டூப்ளே துரைக்கு ஆனந்தரங்கப் பிள்ளை அவ்வாறு விளங்கினார். கணினிக்குள்ளும் ஒரு துபாஷி உண்டு. விண்டோஸ் போன்ற இயக்க முறைமை ஒரு மொழி பேசும். திரையில் படம் வரையும் கிராபிக்ஸ் சில்லு வேறொரு மொழி பேசும். இரண்டிற்கும் நடுவில் நின்று பேச்சை மாற்றித் தரும் மென்பொருளே கிராபிக்ஸ் டிரைவர். அப்டேட் ஏறும்போது சில வேளை துரை மாறுகிறார். சில வேளை துபாஷியே மாறுகிறார். ஒருவர் பேச்சு மற்றவருக்குப் பிடிபடாவிடில் திரை குழம்புகிறது. சில்லும் நலமே, கோப்புகளும் நலமே. கோளாறு நடுவில் நிற்பவரிடம்.

இஃது ஏழை எளியவர் கருவிக்கு மட்டும் வரும் நோயன்று. 2007இல் விண்டோஸ் விஸ்டா வெளிவந்தபோது, டிரைவர்கள் இயங்கும் முறையே மாற்றப்பட்டது. அவ்வாண்டு மைக்ரோசாஃப்ட் பதிவு செய்த விஸ்டா முறிவுகளில் ஏறத்தாழ 29 விழுக்காடு என்விடியா நிறுவனத்தின் டிரைவர்களால் நேர்ந்தவை என்பது, பின்னர் அமெரிக்க நீதிமன்ற வழக்கொன்றில் வெளியான ஆவணங்களால் தெரிந்தது. 2024 ஜூலை 19 அன்று நிகழ்ந்ததும் பலருக்கு நினைவிருக்கும். கிரவுட்ஸ்டிரைக் என்னும் காவல் மென்பொருளின் பிழையான அப்டேட் ஒன்றால் உலகெங்கும் 85 இலட்சம் விண்டோஸ் கருவிகள் நீலத் திரை காட்டி நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில் பயணச் சீட்டுகளைக் கையால் எழுதித் தந்தார்கள். அது கிராபிக்ஸ் டிரைவர் அன்று. எனினும் அப்டேட்டால் இயந்திரம் நின்றதும், சேஃப் மோட் என்னும் வாயில் வழியாகப் பலர் அதனை மீட்டதும் நமக்குப் பாடமாகும்.

அன்றிரவு நாம் முதலில் செய்தது ஒரு சோதனை மட்டுமே. கருவியை அணைத்து மீண்டும் திறந்து, தயாரிப்பாளரின் சின்னம் தோன்றும் கணத்தை உற்று நோக்கினோம். சின்னம் கோடின்றித் தெளிவாகத் தோன்றியது. அதன்பின்னரே திரை கெட்டது. சின்னமே சிதைந்து தெரிந்தால், திரையோ வயரோ சில்லோ பழுதென்று ஐயுறலாம். சின்னம் தெளிவாயிருந்து, விண்டோஸ் ஏறியபின் கெடுமாயின், பெரும்பாலும் டிரைவரே காரணம். "அழ வேண்டாம் அம்மா, உன் எழுத்து உள்ளேதான் இருக்கிறது" என்று அப்பெண்ணிடம் கூறினோம்.

அடுத்து, விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய நான்கு விசைகளையும் ஒருசேர அழுத்தினோம். இது டிரைவரைத் துயிலெழுப்பும் விசை. அன்று பலிக்கவில்லை. ஆகவே விண்டோஸ் ஏறத் தொடங்கும்போதே பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்தோம். இரண்டு மூன்று முறை இவ்வாறு செய்ய, பழுது நீக்கும் திரை தானே வந்தது. அதில் ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று சென்று, ரீஸ்டார்ட் ஆனபின் 4 என்னும் எண்ணை அழுத்தினால் சேஃப் மோட். அங்கே சிறப்பு டிரைவர் ஏறாது. எளிய டிரைவரைக் கொண்டே படம் தெரியும். சில கருவிகள் இவ்விடத்தில் பிட்லாக்கர் பூட்டுக்குரிய 48 இலக்க எண்ணைக் கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது பெரும்பாலும் சேமிக்கப்பட்டிருக்கும். முன்னரே தாளில் எழுதி வைத்தல் நன்று.

திரை தெரிந்ததும் முதல் வேலையாக ஆய்வேட்டைப் பென்டிரைவில் எடுத்துக் கொடுத்தோம். பின்னரே மருத்துவம். டிவைஸ் மேனேஜரைத் திறந்து, டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் என்பதன் கீழுள்ள பெயரின் ப்ராப்பர்டீஸில் "ரோல் பேக் டிரைவர்" என்பதை அழுத்தினோம். பழைய துபாஷி வேலைக்குத் திரும்பினார். மீண்டும் திறந்தபோது படம் பளிச்சென்று வந்தது. அப்பொத்தான் மங்கியிருந்தால் அழுத்த இயலாது. அப்போது கருவியின் அடியில் அச்சிட்டுள்ள மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதன் தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே டிரைவரை இறக்க வேண்டும். "டிரைவர் அனைத்தும் இலவசமாகப் புதுப்பிக்கிறோம்" என்று கூவும் மென்பொருள்களை அண்ட விடலாகாது. பழுது நீங்கியபின், அதே டிரைவர் உடனே மறுபடி ஏறாதிருக்கச் சில வாரம் அப்டேட்டை நிறுத்தி வைக்கலாம். நிரந்தரமாக நிறுத்துவது காவலைக் கைவிடுவதாகும்.

பழைய கருவி வைத்திருப்போருக்கு ஒரு சொல். விண்டோஸ் 10க்கு வழங்கிவந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11க்கோ, அதற்கேற்ற கிராபிக்ஸ் சில்லும் டிரைவரும் இருத்தல் வேண்டும் என்பது விதிகளுள் ஒன்று. 2011இல் தமிழ்நாட்டு அரசு வழங்கத் தொடங்கிய மாணவர் லேப்டாப்புகள் நம்மவர் சில வீடுகளில் இன்றும் இருக்கக்கூடும். அக்காலக் கருவிகளில் இதனை வலிந்து ஏற்றினால் துபாஷி கிடைக்காமல் திண்டாட நேரும். புதிய கருவியில் ஏற்றிய பின் தொல்லை கண்டாலோ, பத்து நாட்களுக்குள் ரெகவரி பகுதியில் "கோ பேக்" கொடுத்துப் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

அப்பெண் குறித்த நாளில் ஆய்வேட்டை ஒப்படைத்துவிட்டாள். நம் தாயாரின் படங்கள் மட்டும் திரும்பி வரப்போவதில்லை. ஆதலின் அன்பர்களை ஒன்று வேண்டுகிறோம். இன்றிரவே உங்கள் கருவியிலுள்ள அரியவற்றைப் பென்டிரைவ் ஒன்றில் எடுத்து, ரேஷன் கார்டும் பத்திரமும் இருக்கும் பெட்டியில் வையுங்கள். "அழித்து ஏற்றட்டுமா?" என்று எவரேனும் கேட்டால், "சின்னம் தெளிவாகத் தெரிகிறதா, சேஃப் மோடில் பார்த்தீர்களா?" என்று திருப்பிக் கேளுங்கள்.