உதவிக்கு வந்தவர் கையில் வீட்டுச் சாவி



வீட்டு வேலைக்கு ஒருவரை அமர்த்தும்போது நம் இல்லத்துப் பெரியவர்கள் எத்தனை கேள்விகள் கேட்பார்கள்! எந்த ஊர், யாருடைய பிள்ளை, முன்பு எங்கே வேலை பார்த்தார், ஏன் அங்கிருந்து விலகினார் என்றெல்லாம் விசாரித்தறிந்த பின்னரே சமையலறை வரை வர விடுவார்கள். அலமாரிச் சாவியோ, ஆண்டுகள் பல கழிந்தாலும் அவர் கைக்குப் போகாது. ஆனால் அதே இல்லத்தில் இன்று கணினியின் முன் அமரும் பிள்ளை, முன்பின் அறியாத ஓர் உதவியாளரை ஒரே சொடுக்கில் உள்ளே அழைத்துச் சாவிக் கொத்தையே ஒப்படைத்து விடுகிறது. பெற்றோர் பலர் இதனை அறியவே மாட்டார்கள்.

நாம் குறிப்பிடுவது உலாவி நீட்சிகளை. குரோம், ஃபயர்பாக்ஸ், எட்ஜ் ஆகியவை இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் உலாவிகள். அவற்றோடு இணைந்து நின்று, அவற்றுக்கு இல்லாத திறனைத் தருகின்ற சிறு நிரலே நீட்சி. நீட்டிப்பு என்றும் கூறுவர். 2004ஆம் ஆண்டு ஃபயர்பாக்ஸின் முதற்பதிப்பு வெளிவந்தபோதே இவ்வசதி அதில் இருந்தது. குரோம் 2010இல் இதனை ஏற்றது. பெரும்பாலான நீட்சிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. நல்லவற்றைத் தேர்ந்து கொண்டால் நம் நேரமும் பொருளும் மிச்சமாகும் என்பதில் ஐயமில்லை. அவ்வாறு பயன்தரும் நான்கினை முதலில் காண்போம்.

பயன்தரும் நால்வர்

முதலாவது, விளம்பரத் தடுப்பான். ஒரு சமையற்குறிப்பைப் படிக்கத் திறந்தால், நான்கு புறமும் விளம்பரங்கள் சூழ்ந்து கொள்கின்றன. பிள்ளைகள் காணத்தகாத படங்களும் அவற்றினூடே வந்துவிடுகின்றன. 'பதிவிறக்கு' என்னும் போலிப் பொத்தான்களும் உண்டு. ரேமண்ட் ஹில் என்பவர் 2014இல் வெளியிட்ட 'யுபிளாக் ஆரிஜின்' இதற்கு நல்ல தீர்வு. விளம்பரங்கள் எந்தெந்த முகவரிகளிலிருந்து வருகின்றன என்னும் பட்டியலை அது வைத்திருக்கிறது. அம்முகவரிகளுக்குச் செல்லும் அழைப்பையே தடுத்துவிடுவதால் பக்கம் விரைவாகத் திறக்கிறது. இணையச் செலவும் குறைகிறது. குரோம் உலாவி தன் விதிகளை மாற்றியதால், 2024, 2025ஆம் ஆண்டுகளில் இது அங்குப் படிப்படியாக நிறுத்தப்பட்டது. அதில் 'யுபிளாக் ஆரிஜின் லைட்' என்னும் எளிய வடிவையே பயன்படுத்த இயலும். ஃபயர்பாக்ஸில் முழு வடிவமும் இயங்குகிறது. வெறும் 'யுபிளாக்' என்ற பெயரில் உள்ளது வேறொரு நீட்சி. ஆகவே பெயரை முழுமையாகப் படித்துப் பார்த்தல் வேண்டும்.

இரண்டாவது, கடவுச்சொல் காப்பான். மின்கட்டணத்திற்கு ஒன்று, வங்கிக்கு ஒன்று, மின்னஞ்சலுக்கு ஒன்று என்று கடவுச்சொற்கள் பெருகிவிட்ட காலம் இது. நினைவில் நிற்காது என்று அஞ்சி எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லை வைப்போர் பலர். அச்சொல் ஓரிடத்தில் களவு போனால், எல்லாக் கதவுகளும் திறந்துகொள்ளும். 2016இல் வெளிவந்த 'பிட்வார்டன்' போன்ற நீட்சிகள், ஒவ்வோரிடத்திற்கும் தனித்தனிக் கடவுச்சொல்லை உருவாக்கிப் பூட்டி வைக்கின்றன. நாம் ஒரே ஒரு முதன்மைச் சொல்லை நினைவில் வைத்தால் போதும். மற்றொரு நன்மையும் இதில் உண்டு. வங்கியின் பக்கத்தைப் போலவே போலிப் பக்கம் ஒன்றை யாரேனும் அமைத்திருந்தால், நம் கண் ஏமாறக்கூடும். நீட்சியோ முகவரியை ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தாவிடில் கடவுச்சொல்லை இடாமல் வாளாவிருக்கும். அந்த மௌனமே நமக்கு எச்சரிக்கை. ஆயினும் முதன்மைச் சொல்லை நாம் மறந்துவிட்டால் அதனைச் செய்த நிறுவனத்தாராலும் எடுத்துத் தர இயலாது. எனவே அதனை ஒரு தாளில் எழிதிப் பத்திரப் பெட்டியில் வைப்பது நலம்.

மூன்றாவது, 'ஒன்டேப்'. பத்துப் பதினைந்து பக்கங்களை ஒருங்கே திறந்து வைத்துக் கணினியைத் திணறடிப்போருக்கு இது உதவும். ஒரு சொடுக்கில் அவ்வளவையும் மூடி, முகவரிகளை மட்டும் பட்டியலாக்கித் தருகிறது. வேண்டும்போது மீண்டும் திறக்கலாம். நீட்சியை நீக்கினால் பட்டியலும் போய்விடும் என்பதால், நீக்குமுன் படியெடுத்துக் கொள்க.

நான்காவது, 'லீச்பிளாக்'. குறிப்பிட்ட தளங்களை இன்ன நேரத்தில் திறக்கலாகாது, அல்லது நாளொன்றுக்கு இத்தனை நிமிடங்களுக்கு மேல் பார்க்கலாகாது என்று நாமே வரையறை செய்துகொள்ள இது துணைபுரிகிறது. தேர்வுக்குப் படிக்கும் மாணவர்க்கும், வீட்டிலிருந்தே பணிபுரியும் பெரியவர்க்கும் ஏற்றது. ஆனால் இது மனமுவந்து போட்டுக்கொள்ளும் வேலியே தவிர, பிறரை அடைக்கும் சிறையன்று. விருப்பமில்லாத பிள்ளை இதனை எளிதில் நீக்கிவிடும்.

சாவி யார் கையில்?

இனி நாம் கவனம் செலுத்த வேண்டிய இடத்திற்கு வருவோம். நீட்சியைச் சேர்க்கும்போது உலாவி ஓர் அறிவிப்பைக் காட்டும். எல்லா இணையதளங்களிலும் உள்ள உங்கள் தரவுகளைப் படிக்கவும் மாற்றவும் இந்நீட்சிக்கு அனுமதி வேண்டும் என்பது அதன் பொருள். நம்மில் பலர் படியாமலேயே சம்மதம் தெரிவித்துவிடுகிறோம். நாம் தட்டச்சு செய்யும் மின்னஞ்சல், வங்கிக் கணக்கின் இருப்பு, மருத்துவ அறிக்கை ஆகிய யாவும் 'எல்லாத் தரவுகளும்' என்பதில் அடங்கும். விளம்பரத் தடுப்பான் போன்றவற்றுக்கு இவ்வனுமதி உண்மையிலேயே தேவைப்படுகிறது. ஆகவே அனுமதி கேட்பதே குற்றமாகாது. அதனைப் பெறுகின்ற கை யாருடையது என்பதே கேள்வி.

அந்தக் கை மாறிவிடவும் கூடும். 'தி கிரேட் சஸ்பெண்டர்' என்றொரு நீட்சி இருந்தது. பயன்படுத்தாத பக்கங்களை உறங்கவைத்துக் கணினியின் பளுவைக் குறைத்தது. 20 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அதனை நம்பிப் பயன்படுத்தினர். 2020இல் அதனை உருவாக்கியவர், தம்மை வெளிக்காட்டாத ஒரு தரப்பாரிடம் அதனை விற்றுவிட்டார். நீட்சிகள் தாமாகவே புதுப்பித்துக்கொள்ளும் இயல்பின என்பதால், புதியவர் செய்த மாற்றங்கள் அத்தனை கணினிகளிலும் ஓசையின்றி நுழைந்தன. 2021 பிப்ரவரியில், தீங்கிழைக்கும் நிரல் உள்ளதென்று கூறி கூகுள் நிறுவனம் அதனை அகற்றியது.

விற்காமலே கை மாறுவதும் உண்டு. 2024 டிசம்பரில், தரவுப் பாதுகாப்பையே தொழிலாகக் கொண்ட சைபர்ஹேவன் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் போலி மின்னஞ்சலால் ஏமாற்றப்பட்டார். கிறிஸ்துமஸ் விடுமுறையில் திருடர்கள் அந்நிறுவனத்தின் பெயராலேயே நச்சு கலந்த புதுப்பிப்பை வெளியிட்டனர். அந்நீட்சியைப் பயன்படுத்தியவர்கள் ஏறத்தாழ 4 இலட்சம் பேர். காவலர் வீட்டிலேயே களவு நடக்குமாயின், நாம் எவ்வளவு விழிப்புடன் இருத்தல் வேண்டும்!

நாம் செய்யத்தக்கவை

இதனைக் கேட்டு நீட்சிகளையே துறந்துவிட வேண்டியதில்லை. பின்வருவனவற்றைக் கடைப்பிடித்தால் போதும்.

ஒன்று, தேவையா என்று ஆராய்க. பக்கங்களை உறங்கவைக்கும் வசதி இப்போது குரோமிலும் எட்ஜிலும் இயல்பாகவே உள்ளது. உலாவியே செய்யும் வேலைக்கு வெளியார் எதற்கு?

இரண்டு, உலாவிக்குரிய கடையிலிருந்து மட்டுமே பெறுக. ஏதோ ஒரு பக்கத்தில் தோன்றும் 'இதனைச் சேர்த்தால்தான் படம் ஓடும்' என்னும் அழைப்பை நம்பற்க.

மூன்று, அனுமதியைச் சுருக்குக. குரோமில் ஒவ்வொரு நீட்சியின் விவரப் பக்கத்திலும், 'சொடுக்கும்போது மட்டும்' அல்லது 'குறிப்பிட்ட தளங்களில் மட்டும்' இயங்கச் செய்யும் தெரிவு உண்டு.

நான்கு, வங்கிப் பணிகளை மறைநிலைச் சாளரத்தில் செய்க. நாமாக அனுமதித்தாலன்றி நீட்சிகள் அங்கே இயங்கா.

கைப்பேசியை மட்டுமே பயன்படுத்துவோருக்கு ஒரு குறிப்பு: ஆண்ட்ராய்டு கைப்பேசியின் குரோமில் நீட்சிகளைச் சேர்க்க இயலாது. ஃபயர்பாக்ஸ் 2023 டிசம்பர் முதல் அங்கும் பல நீட்சிகளை ஏற்கிறது.

இன்றிரவு உணவிற்குப் பின் பிள்ளைகளோடு கணினியின் முன் அமருங்கள். உலாவியின் மேல்மூலையில் உள்ள புதிர்த்துண்டுச் சின்னத்தை அழுத்தினால், உள்ளே இருப்போர் அனைவரும் வரிசையாகத் தெரிவர். ஒவ்வொருவரையும் சுட்டி, 'இவர் யார், எதற்காக வந்தார், இன்னும் வேலை செய்கிறாரா?' என்று கேளுங்கள். விடை தெரியாதவரை நீக்கிவிடுங்கள். கண்டிப்பதற்காக அல்லாமல், சேர்ந்து கற்பதற்காக இதனைச் செய்தால், அடுத்த முறை புதியவர் ஒருவரை உள்ளே விடுமுன் பிள்ளை தானாகவே நம்மிடம் வந்து கேட்கும். வீட்டாரின் கடிதங்களும் கணக்குகளும் ஒருவர்க்கொருவர் ஒப்படைத்த அமானிதம் அல்லவா? அதனைக் காக்கும் பொறுப்பில் பிள்ளைகளுக்கும் பங்கு கொடுப்போம்.